போணி ஆகாத வெள்ளிக்கிழமை

வடசென்னைக் காலடிப்பேட்டை மார்க்கெட் தெருவில் ராசையா மளிகைக் கடைக்குள் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி, லெந்து எனும் தவக்கால நாட்களில் தொடங்கி கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள் தொங்கும் வரை நீடித்தது. வெளியே வெயில் உச்சிக்கு ஏறியது, இறங்கியது, தெருவிளக்கு எரிந்தது, எண்ணூர் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, மறுபடி விடிந்தது. கடைக்குள் வெயில் உளுந்து மூட்டையின் காதுவரை வந்து நின்றது நின்றதுதான். பூண்டு விலை தாறுமாறாக ஏறியதும் அதே ஆண்டுதான். தெருவில் அதிகம் பேசப்பட்டது பூண்டைப் பற்றித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராசையா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, உறவுக்காரர் கடையில் பொட்டலம் மடித்து, பிறகு தனிக்கடை போட்டவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றது. ஞாயிறு ஆராதனை தவறமாட்டார், ராகுகாலம் பார்க்கமாட்டார், வாசலில் எலுமிச்சம்பழம் கட்டமாட்டார். ஆனால் போணி பார்ப்பார். காலையில் முதல் வியாபாரம் நடந்து அந்தக் காசு கல்லாவில் விழும்வரை கடையிலிருந்து ஒரு பைசா வெளியே போகாது. கேட்டால் அது மூடநம்பிக்கை இல்லை, வியாபாரம் என்பார். போதகர் ஐயாவே ஒருமுறை இதைக் கண்டிக்க வந்து, போணி ஆகும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்து, அதன் பிறகு காணிக்கையை வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தெருவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை பிச்சை கேட்டு வருகிறவர்களுக்குக் கடைக்கு ஒரு ரூபாய். அதற்கென்றே பிஸ்கட் டப்பாவில் சில்லறை மாற்றி வைத்திருப்பார்கள். வருகிறவர்களும் வரிசை தப்பாமல் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இன்னும் போணி ஆகவில்லை என்று கடைக்காரர் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நகர்ந்துவிடுவார்கள், ஏனென்றால் அது நியாயமான காரணம். சரக்கு நேற்றுதான் வந்தது என்று பொய் சொல்லலாம், வாங்கின விலைக்கே தருகிறேன் என்று பொய் சொல்லலாம், கடைக்காரர்கள் உலகத்தில் அதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. போணியில் மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை. ஆன போணியை ஆகவில்லை என்று வாயால் சொன்னால் ஆகாமலே போய்விடும் என்று ஒரு பயம்.

ராசையா அந்தப் பொய்யைச் சொன்னது கஞ்சத்தனத்தால் அல்ல, குழப்பத்தால். அவருடைய மச்சினன் டென்னிஸ், யானைக்கவுனியில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் பார்ப்பவன், முந்தின நாள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு ஊரில் பிச்சை எடுக்கிற ஆளுக்கு மாடி வீடு இருக்கிறதாம், வாடகை வருகிறதாம். கூடவே அவனுடைய குரல் பதிவும் இருந்தது. "நாம குடுக்குததுனாலதான் அவிய ரோட்டுல நிக்காவ அத்தான். நாம நிப்பாட்டுனா அவியளும் வேலைக்குப் போவாவ." ராசையாவுக்கு அது சரியென்று பட்டது. சாப்பிடும்போது மனைவி தங்கபுஷ்பத்திடம் சொன்னார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நீட்டுத கைய ஆராய்ச்சி பண்ணவா நாம கட போட்டிருக்கோம்?" என்றாள். அதுவும் சரியென்று பட்டது. எதிரும் புதிருமான இரண்டு பேச்சும் சரியென்று பட்டுவிட்ட மனிதரை மறுநாள் காலையில் கடை திறக்க விட்டிருக்கக் கூடாது.

அன்று முதலில் வந்தவன் டெரிக். ராயபுரத்தில் பிறந்து, காலடிப்பேட்டையில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்ட டிரெய்லர் டிரைவர். துறைமுகத்துக்குப் போகும் முன் ஒரு பன்னும் காப்பித்தூளும் வாங்கினான். ராசையா காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். போணி ஆகிவிட்டது. டெரிக் படியிறங்குவதற்குள் செங்கொடி வந்து கையை நீட்டினாள். அறுபதைத் தாண்டியவள். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சங்கத்துக்காரர், அதனால் அந்தப் பெயர். வெள்ளிக்கிழமைச் சுற்றை அவள் எப்போதும் ராசையா கடையில்தான் தொடங்குவாள். ராசையாவின் கை டப்பாவை நோக்கிப் போனது. டென்னிஸ் நினைவுக்கு வந்தான், கை நின்றது. தங்கபுஷ்பம் நினைவுக்கு வந்தாள், கை நகர்ந்தது. கொடுக்கவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் முடியாமல், குழம்பிய நாக்கு பக்கத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டது.

"இன்னும் போணி ஆகலம்மா."

"ஆவும் நைனா. நல்லா ஆவும்" என்று வாழ்த்திவிட்டு செங்கொடி போனாள். டெரிக் கையிலிருந்த பன்னைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். சுவர்க் கடிகாரம் அப்போது ஏழைக் காட்டியது, பிறகும் ஏழையே காட்டியது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ராசையா குடித்து வைத்த அரை டம்ளர் டீ ஆறவில்லை, எத்தனை முறை எடுத்துக் குடித்தாலும் அரை டம்ளருக்குக் கீழே இறங்கவும் இல்லை. மணலி எண்ணெய் ஆலைகளிலிருந்து அன்று காலை காற்றில் வந்த வாடை மற்ற கடைகளில் வந்த மாதிரியே போய்விட்டது, இவர் கடையில் மட்டும் தங்கிவிட்டது. பால் பாக்கெட் திரியவில்லை. நாள்காட்டித் தாளைக் கிழித்தால் கீழே அதே வெள்ளிக்கிழமை இருந்தது. இதெல்லாம் ஒரு வகையில் சௌகரியம்தான் என்று ராசையா நினைத்துக்கொண்டிருந்தபோது டெரிக் திரும்பி வந்தான். "இன்னா அண்ணாச்சி, காத்தால வாங்கின பன்னு பையில இல்ல. காசு மட்டும் ஜோப்புல அப்டியே கீது. எனுக்கு மற கிற கயண்டுச்சா?" பன் பழைய இடத்திலேயே இருந்தது. மறுபடி காசு கொடுத்து வாங்கிப் போனான். மறுபடியும் பை காலி, பாக்கெட்டில் காசு. அவனுக்கு மட்டுமல்ல. துவரம்பருப்பு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பையை உதறினார்கள். போனில் பணம் அனுப்பியவர்களுக்குக் கல்லாப் பக்கத்து ஸ்பீக்கர் பெட்டி பெண்குரலில் பணம் வந்ததாகச் சத்தமாகச் சொன்னது, ஆனால் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. ராசையா கடையில் எந்த வியாபாரமும் ஒட்டவில்லை. சொன்னது போலவே போணி ஆகவில்லை.

தெரு சீக்கிரம் பழகிக்கொண்டது. ஏழரைக்கு ஷிப்டு உள்ள பையன்கள் உள்ளே வந்து நின்று, இன்னும் நேரமிருக்கிறது என்று கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, வெளியே போய்த் தாமதமானார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தார்கள், காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்களாம். வியாபாரிகள் சங்கத்திலிருந்து வந்தவர்கள் தீர விசாரித்து, கடை திறக்கும் நேரத்துக்கு விதி இருக்கிறது, மூடும் நேரத்துக்கு விதி இருக்கிறது, நடுவில் நேரம் நகர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்று சொல்லி, அதே அரை டம்ளர் டீயை ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டுப் போனார்கள்.

பழக முடியாதவர்கள் ராசையாவும் தங்கபுஷ்பமும்தான். கடை மேலேயே வீடு. தங்கபுஷ்பம் கீழேயிருந்து அரிசி எடுத்துக்கொண்டு மாடி ஏறினால், உலை கொதிப்பதற்குள் அரிசி மூட்டைக்குத் திரும்பியிருந்தது. மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசியை வைத்துக்கொண்டு அவர்கள் ரேஷன் அரிசி தின்றார்கள். கையிலிருந்தது கரைந்தது, அவள் காதிலிருந்ததும் போனது. ஆடி மாதத்தில் ராசையா வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனிடம் போய் நின்றார். யானைக்கவுனியில் டென்னிஸ் அவரை உட்காரவைத்துச் சர்பத் கொடுத்தான். "ரொக்கமா குடுத்தா அந்தக் கடையிலயே கொண்டு போயிப் போடுவிய அத்தான், அது உங்களுக்கு நல்லதில்ல. பொருளா தாரேன்" என்று பன்னிரண்டு பிளாஸ்டிக் வாளிகளும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தனுப்பினான். அவன் கெட்டவன் இல்லை. ராசையா வாளிகளோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, டென்னிஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று யோசித்தார். நியாயம் இருந்தது. ஆனாலும் அவமானமாக இருந்தது. இரண்டும் ஒரே பொட்டலத்தில் எப்படி வந்தன என்று அவருக்கு விளங்கவில்லை.

செங்கொடி வெள்ளி தவறாமல் வந்தாள். "இன்னா நைனா, போணி ஆச்சா?" என்று கேட்பாள். கேலி இல்லை, குத்தல் இல்லை, உடம்பு சரியில்லாதவரை விசாரிப்பது போலக் கேட்பாள். ராசையா "ஆகலம்மா" என்பார். அன்று பொய்யாக இருந்த வார்த்தை இப்போது அப்பட்டமான உண்மை. ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் டப்பாவைத் திறந்து ஒரு ரூபாயை அவள் கையில் வைத்தார். அவள் அடுத்த கடைப்படி ஏறுவதற்குள் அது டப்பாவுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. நூறு ரூபாய்த் தாள் வைத்தார், அது கல்லாவுக்குத் திரும்பியது. தெருவில் இறங்கி நின்று, பக்கத்து ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தார். அதைச் செங்கொடி வாங்கிச் சாப்பிட்டாள், கை கழுவினாள். "இது நீ குட்த்தது நைனா. கட இன்னும் குடுக்கல" என்றாள். அது சாபமா ஆறுதலா என்று ராசையாவுக்குத் தெரியவில்லை. அவள் வாழ்த்தினதால் நேரம் நின்றதா, அவர் பொய் சொன்னதால் நின்றதா, வேறு யாராவது செய்ததா. கொடுத்திருந்தால் டென்னிஸ் பேச்சுப்படி தப்பு, கொடுக்காததால் இப்படி. தூக்கம் போனது. நின்ற மணிக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கண்ணயரவும் வேளை ஏது?

கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டார். "அன்னைக்குப் போணி ஆயிருந்துச்சும்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் நைனா. அந்த லாரிக்காரு பன்னோட நின்னுகினு இருந்தாரே, நான் பாக்கலியா?" செங்கொடி படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். "எல்லாரும் போ போன்றாங்கோ. சில பேரு வாயே தொறக்க மாட்டான், கைய ஆட்டுவான், ஈ ஓட்ற மாறி. நீ ஒரு ஆளுதான் எங்கிட்ட ஒரு காரணம் சொன்ன. மன்சங்கிட்டதானே காரணம் சொல்லுவாங்கோ?" ராசையாவுக்கு அழுகை வந்தது. பொய்க்காக ஒருவர் நன்றி சொன்னால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? அவர் குழப்பம் அன்றோடு இரட்டிப்பானது.

கைராசிக்காரர்களைக் கொண்டு போணி செய்து பார்ப்பது என்று தெரு முடிவு செய்தது. புதுக் கல்யாணப் பெண் ஒருத்தி மஞ்சள் வாங்கினாள். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் ஜானட், அவள் கை பட்டால் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்று பெயர், சர்க்கரை வாங்கினாள். டெரிக் தன் பங்குக்கு நாள் தவறாமல் ஒரு பன் வாங்கி நாள் தவறாமல் இழந்தான். ஒன்றும் ஒட்டவில்லை. நட்சத்திரம் தொங்கவிடும் மாதம் வந்தது. தங்கபுஷ்பம் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள். பண்டிகை முடிந்ததும் கடையை அப்படியே ஏழு மணியில் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று பேச்சு. இருபத்தைந்து வருடக் கடை. அடுக்கிக்கொண்டே இருந்தவள் ஒரு சேலையோடு அப்படியே நின்றாள். "ஊருல உள்ள எல்லா கையும் போணி பண்ணிப் பாத்தாச்சு. அந்த அம்மா கைய மட்டும் யாரும் கேக்கல" என்றாள். ராசையா திடுக்கிட்டார். பிச்சைக் காசில் போணியா? எந்த அண்ணாச்சியும் செய்யாத காரியம். தங்கபுஷ்பம் அவரைப் பார்த்த பார்வையில், வாளிகளோடு பஸ்ஸில் வந்தது நீங்கள்தானே என்பது இருந்தது.

அடுத்த வெள்ளி ராசையா கல்லாவை விட்டு எழுந்து வந்து செங்கொடி முன்னால் நின்றார். கையை நீட்டினார், உள்ளங்கை மேல்பார்த்து. "நீயே போணி பண்ணும்மா. என்னமாவது வாங்கிக்க." செங்கொடி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மெட்ரோ பாலத்தின் நிழலில், தெருவில் கை நீட்டுகிறவர்கள் மதியம் கூடும் இடத்தில், இந்த விஷயம் விசாரணைக்கு வந்தது. அவ்வளவு மூட்டை வைத்திருக்கிற ஆளுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். மாடி வீடு வேறு இருக்கிறது என்றார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்குத் தெருவிலுள்ள எல்லாக் கடைக்காரர்களும் கை நீட்டுவார்கள், அது அவர்களைத்தான் கெடுக்கும் என்றாள் கூட்டத்திலிருந்த சைமா. ரயில்வேயில் கால் இழந்த வால்டர், "காசா குடுக்காத. அவருக்கு இன்னா வேணும்னு கேட்டுப் பொருளா குடு" என்றார். செங்கொடிக்கு ஒவ்வொருவர் பேச்சும் சரியென்று பட்டது. ஒரு வாரம் முழுக்க அவள் குழம்பினாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வெள்ளி வந்தாள். டெரிக் வழக்கம்போல் பன்னுக்காக நின்றுகொண்டிருந்தான். தங்கபுஷ்பம் மாடிப்படியில் நின்றாள். "தரேன் நைனா. முந்தானை முடிச்சுல நேத்து காசு ஒன்னு கீது. ஆனா ஒரு பேஜாரு," என்றாள் செங்கொடி. "எனுக்கும் இன்னும் போணி ஆவல. எனுக்கு மொத கடை உன்னுதுதான். மொத காசு கைல வுயாம முடிச்ச அவுக்கறது வழக்கம் இல்ல." கை நீட்டுகிறவர்களுக்கும் போணி உண்டு என்பது ராசையாவுக்கு அன்றுதான் தெரிந்தது. இவள் வாங்கினால்தான் இவர் கொடுக்க முடியும், இவர் கொடுத்தால்தான் இவள் வாங்க முடியும். கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இருவரும் தங்கள் தங்கள் வழக்கத்தோடு நின்றார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. வெயில் உளுந்து மூட்டையின் காதிலேயே இருந்தது.

டெரிக்தான் பொறுமையிழந்தான். எண்ணூர் ரோட்டில் எதிரெதிரே டிரெய்லர் மாட்டிக்கொண்டால், நீ முதலில் எடு, நீ முதலில் எடு என்று கத்திக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் நகர வேண்டும் என்பது அவன் தொழில். "ரெண்டு பேரும் ஒன்னா நீட்டுங்கோ. நான் சொல்றேன். ரைட், ரைட், வா... வா..." என்று வண்டிக்குக் கைகாட்டுவது போலக் காட்டினான். ராசையா டப்பாவிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார். செங்கொடி முடிச்சை அவிழ்த்தாள். "இன்னா வேணும்னு சொல்லும்மா" என்றான் டெரிக். ஒரு வாய் அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ கேட்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். "ஒரு ரூவா ஷாம்பூ பாக்கெட்டு" என்றாள் செங்கொடி. "ஷாம்பூவா?" என்று வாய் பிளந்தான் டெரிக். "என் தல, என் காசு. உனுக்கு இன்னா?" என்றாள். ராசையா சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து இடது கையில் பிடித்தார். அவர் வலது கையும் அவள் வலது கையும் கல்லாவுக்கு மேலே ஒன்றாக நீண்டன. இரண்டு காசும் நடுவில் ஒன்றோடொன்று உரசிய சின்னச் சத்தம் கேட்டது. எது முதலில் யார் கைக்குப் போனது என்று டெரிக் பார்க்கவில்லை, தங்கபுஷ்பம் பார்க்கவில்லை, கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை.

வெயில் உளுந்து மூட்டையை விட்டு இறங்கிக் கடுகு டின்னுக்குப் போனது. டீ ஆறி ஆடை படிந்தது. பால் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. மணலி வாடை போய், அன்றைக்கு உரிய புது வாடை வந்தது. ஸ்பீக்கர் பெட்டி லெந்து நாட்களிலிருந்து வரவேண்டிய பணத்தையெல்லாம் வரிசையாக அறிவிக்கத் தொடங்கி, மதியம் வரை நிறுத்தவில்லை. விற்ற சரக்கெல்லாம் அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. துவரம்பருப்பு வாங்கியவர்கள் வீட்டில் துவரம்பருப்பு. டெரிக் வீட்டில் கூடம், சமையல்கட்டு, கட்டிலடி எங்கும் பன். அவன் மனைவி போனில் கத்தியது கடைவரை கேட்டது. தெருவே பண்டிகைக்குப் பன் தின்றது, மெட்ரோ பாலத்தடியிலும் தின்றார்கள். தங்கபுஷ்பம் மாடிக்குப் போய், பொன்னி அரிசி உலையில் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெட்டியிலிருந்த துணிகளைத் திரும்ப எடுத்து வைத்தாள்.

பிச்சை கேட்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் ராசையாவுக்கு இன்றுவரை தெளிவில்லை. சில நாள் கொடுக்கிறார், சில நாள் இல்லையம்மா என்கிறார், இரண்டுக்கும் பிறகு சங்கடப்படுகிறார். டென்னிஸ் இன்னும் வீடியோ அனுப்புகிறான், அவர் பார்க்கவும் செய்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டெரிக்கின் "ரைட், ரைட், வா"வுக்கு, கல்லாவின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கை ஒன்றாக நீள்கிறது. டெரிக் வண்டியோடு வெளியூர் போனால் நர்ஸ் ஜானட் சொல்கிறாள். பக்கத்துக் கடைக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத் தங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்கிறார்கள். செங்கொடியின் தலைமுடி பளபளப்பாக இருக்கிறது.

காப்பியோடு மாடியிலிருந்து இறங்கி வரும் தங்கபுஷ்பம் ஒவ்வொரு வெள்ளியும் கேட்பாள்.

"இன்னைக்குக் குடுத்தியளா, வாங்குனியளா?"

ராசையா கையிலிருக்கும் காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார்.

"போணி ஆச்சு" என்பார்.